கோடையில் பறவையும் பட்டாம்பூச்சியும்: படமெடுத்தலும் இனமறிதலும்

தமிழ்நாட்டில் மார்ச்சில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீளும் கோடை, பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் தோற்றம் மாறும் காலம். வடக்கிலிருந்து வந்து தங்கிய வலசைப் பறவைகள் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்புமுன் அவற்றில் சில நிறம் மாறிவிடும். இங்கேயே வாழும் பறவைகள் பலவும் இனப்பெருக்கக் கோலம் பூண்டு, கூடு கட்டி, மே மாதத்தில் குஞ்சுகளோடு வெளியே வரும். அந்தக் குஞ்சுகள் தாயையோ தந்தையையோ ஒத்திருப்பதில்லை. பட்டாம்பூச்சிகளில் பருவத்துக்கு ஓர் உருவம் கொள்ளும் இனங்கள், மழைக்காலத்தில் பார்த்த உருவத்தை விட்டுச் சருகு நிறத்தில் திரியும். கோடையில் எடுத்த படத்தை வழிகாட்டி நூலின் படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லையே என்று திகைப்பவர்கள் அதிகம். குறை பெரும்பாலும் நூலிலும் இல்லை, கேமராவிலும் இல்லை. இனத்தைப் பிரித்துக்காட்டும் உறுப்பு எது என்று தெரிந்துகொள்ளாமல், அழகாகத் தெரிந்த பக்கத்தை எடுத்துவிட்டு வந்ததுதான் காரணம்.

முதலில் வெளிச்சம். சூரியன் ஆண்டுக்கு இருமுறை தமிழ்நாட்டின் தலைக்கு நேர்மேலே வருகிறது. முதல் முறை வருவது கோடையில்: கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சென்னையில் ஏப்ரல் 24, 25 தேதிவாக்கில். அந்த நாட்களில் நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலே விழாது. உச்சியிலிருந்து விழும் இந்த ஒளியில், கிளையில் அமர்ந்த பறவையின் தலையும் முதுகும் வெளுத்துப்போகும். தொண்டை, மார்பு, வயிறு, வாலடி எல்லாம் இருட்டில் கிடக்கும். பறவைகளை இனம் பிரிக்கும் குறிகளில் பாதி இந்த இருண்ட பகுதியில்தான் இருக்கின்றன. எனவே சூரியன் உதிக்கும் 6 மணியையொட்டித் தொடங்கி 9 மணிக்குள் பறவை வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மாலையில் 4 மணிக்கு மேல் மீண்டும் தொடங்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் இடைப்பட்ட நேரத்தில் பறவைகளே நிழலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. வறண்ட ஏரிப்படுகைக்கு மேலே வட்டமிடும் பருந்துக்கும் கழுகுக்கும் நண்பகல் கெடுதல் செய்வதில்லை. வெளிறிய தரையில் பட்டுத் திரும்பும் ஒளி இறக்கையின் அடிப்பக்கத்தை விளக்குப் பிடித்ததுபோல் காட்டிவிடும்.

நண்பகலுக்கு இன்னொரு கேடும் உண்டு: கானல். 400 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸ் வழியே சூடேறிய தரைக்கு மேலாகத் தொலைவில் நிற்கும் பறவையைக் குவித்தால், ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இறகின் விளிம்பு கூர்மையாக விழாது. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இடையிலுள்ள காற்று கொதிப்பதற்கு லென்ஸ் என்ன செய்யும்? தொலைவைக் குறைப்பது ஒன்றே வழி. இல்லையென்றால் விடியற்காலையில் வர வேண்டும்.

வெண்ணிறப் பறவைகளும் கறுப்புப் பறவைகளும் கேமராவின் ஒளியளவியை ஏமாற்றும். கண்முன் உள்ளது எதுவாயினும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கொண்டே அது கணக்கிடும். கரிய நீர்ப்பரப்பின் முன் நிற்கும் கொக்கைக் கேமராவின் போக்கில் விட்டால், இறகின் வரிகள் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன் அமர்ந்த கரிச்சானுக்கு அதே அளவு கூட்ட வேண்டும்.

கொக்குகள் கோடைப் பாடத்துக்கு மிகப் பொருத்தமானவை. ஆண்டின் பெரும்பகுதியில் வெள்ளை வெளேரென்று மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு, இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு கலந்த பழுப்பு ஏறி வேறு பறவைபோல் ஆகிறது. மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானின் முதுகு அடர்ந்த செம்பழுப்பாகிவிடும். பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகு கறுக்கும். இங்கேதான் சிக்கல். கறுத்த அலகு சின்னக்கொக்கின் அடையாளம் என்று மனப்பாடம் செய்து வைத்தவர், மே மாதத்தில் பெரிய வெண்கொக்கையும் சின்னக்கொக்கு என்றே எழுதிக்கொள்வார். நிறம் மாறினாலும் உடலமைப்பு மாறுவதில்லை. பெரிய வெண்கொக்கின் வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தர வெண்கொக்கில் அது கண்ணுக்கு நேர்க்கீழே நின்றுவிடும். இதைக் காட்டத் தலையின் பக்கத்தோற்றம் ஒன்று கூர்மையாக இருந்தால் போதும். சின்னக்கொக்குக்குக் கால் முக்கியம்: கறுத்த காலின் முடிவில் மஞ்சள் பாதம். அது நீரிலிருந்து காலைத் தூக்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பறந்து போகும்போது எடுத்தாலும் பாதம் தெரியும். கொக்கு சிறகு விரித்து நிற்கும் எழிலான படத்தில் பாதம் தண்ணீருக்குள் இருந்தால், இனமறிவதற்கு அந்தப் படத்தால் பயன் குறைவு.

சிறிய பறவைகளிலும் இதே கதை. தூக்கணாங்குருவியின் ஆண், பெண்ணைப் போலவே பழுப்பாகக் குருவிக் கூட்டத்தோடு கலந்து கிடந்தது, கூடு கட்டும் பருவம் வந்ததும் உச்சந்தலையில் பளிச்சென்ற மஞ்சள் சூடிக்கொள்ளும். மாம்பழச்சிட்டின் ஆணுக்குத் தலையிலும் முதுகிலும் கருமை ஏறும். தையல்சிட்டின் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் ஊசிபோல் நீண்டுவிடும். கோடையில் அந்த வாலைப் பார்த்துப் புதுப்பறவை கண்டதாக நினைப்பது வழக்கம். ஏப்ரலில் கோடியக்கரை உப்பளப் பக்கம் போனால், குளிர்காலமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்த கரைப்பறவைகள் வடக்கே பறக்குமுன் நிறம் மாறி நிற்பதைக் காணலாம். கருவால் மூக்கனின் கழுத்தில் துருநிறம் ஏறும். கர்லூ உள்ளானின் வயிறே செங்கல் நிறமாகும். பாதி மாறிய பறவைகள்தான் குழப்பத்தின் உச்சம். அவற்றுக்கு அலகின் நீளமும் வளைவும், காலின் உயரமும் சொல்வதை நிறம் சொல்லாது.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஊதாத் தேன்சிட்டின் ஆணுக்கு ஊதா என்னும் சாயம் இறகில் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அந்த மினுக்கம் பிறக்கிறது. கோணம் மாறினால் அதே பறவை கரிக்கட்டை. எக்ஃப்ளை என்னும் பட்டாம்பூச்சிகளின் ஆணில், கறுத்த இறக்கையின் வெண்பொட்டுகளைச் சுற்றி மின்னும் நீல ஊதாவும் இப்படிப்பட்டதே. ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் இருக்கும், அரையடி நகர்ந்து எடுத்தால் இருக்காது. இத்தகைய உயிர்களை ஒளி பின்னாலிருந்து விழும்படி நின்று, கோணம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். ஊதாத் தேன்சிட்டையும் லோட்டன் தேன்சிட்டையும் பிரிக்க மினுக்கத்தை நம்பாமல் அலகைப் பார்ப்பது உறுதியான வழி: லோட்டனின் அலகு நீளமானது, நன்றாக வளைந்தது.

வண்ணமில்லாத படத்திலும் இனமறிய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். ஆங்கிலத்தோடு தமிழிலும் இயற்கை பற்றி எழுதினார். ஃபிலிம் சுருளுக்குள் எண்ணி எடுக்க வேண்டிய காலம் அது. உருவம், நிற்கும் வாகு, இறகின் அமைப்பு, சுற்றுப்புறம் ஆகியவை தெளிவாக இருந்தாலே ஒரு படம் ஆவணமாகிவிடும் என்பதற்கு அவர் படங்களே சாட்சி. இன்றைய கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிறது. அந்த இருபதும் ஒரே கோணமாக இருந்தால் எண்ணிக்கையால் பயனில்லை.

கோடை, இனமறிதலை எளிதாக்கும் இடமும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் புதருக்குள் ஒளிந்து பொறுமையைச் சோதிக்கும் வலசைக் கதிர்க்குருவிகள் மே நடுவில் சமவெளியில் அநேகமாக இருப்பதில்லை. பட்டியல் சுருங்கிவிடுவதால், புதரில் கண்ட சிறு பழுப்புப் பறவை எதுவாக இருக்க முடியாது என்பதிலிருந்து தொடங்கலாம். மாலையில் சரியான நேரத்துக்குக் கூவும் ஆறுமணிக்குருவியும் அதற்குள் வடக்கே போயிருக்கும். ஆனால் அந்த இடத்தைக் குஞ்சுகள் பிடித்துக்கொள்ளும். செம்மீசைச் சின்னானின் இளம்பறவைக்குச் சிவப்பு மீசை இல்லை. குண்டுக்கரிச்சானின் இளம்பறவைக்கு மார்பில் செதில் செதிலாகப் புள்ளிகள் உண்டு. இவற்றை இனம் காண எளிய உத்தி ஒன்று இருக்கிறது: படமெடுத்த உடனே கிளம்பிவிடாமல் சிறிது நேரம் காத்திருந்தால், இரை கொண்டு வரும் தாயோ தந்தையோ பெயரைச் சொல்லிவிடும். இந்த உத்தி குயிலிடம் செல்லாது. குயில் குஞ்சுக்குக் காகம்தான் ஊட்டிக்கொண்டிருக்கும்.

குயில் குடும்பத்தில் அக்காக்குயிலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சுருதியைக் கூட்டிக் கத்தும் இது கோடையில் ஓயாது. உடலின் நிறம், வாலின் பட்டைகள், பறந்து வந்து கிளையில் இறங்கும் முறை எல்லாம் அப்படியே வல்லூறு. சிறு பறவைகளும் அதை வல்லூறென்றே நினைத்துக் கலைகின்றன. முதுகுப்புறம் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது கடினம். அலகைக் காட்டும் படம் ஒன்று போதும்: வல்லூறின் அலகு கொக்கிபோல் வளைந்திருக்கும், அக்காக்குயிலுக்கு அந்தக் கொக்கி இல்லை.

பட்டாம்பூச்சிகளுக்குக் கடிகாரம் வேறு. அவை தம் உடலைத் தாமே சூடாக்கிக்கொள்வதில்லை. நெஞ்சுப்பகுதியின் பறக்கும் தசைகள் 30 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேறினால்தான் நன்றாகப் பறக்க முடியும். அதனால் காலையில் பல இனங்கள் இறக்கையை விரித்து வெயில் காயும். மேற்பக்கத்தைப் படமெடுக்க அதுவே நேரம். கோடையில் அந்த நேரம் மலையில் சற்று நீளும், சமவெளியில் சீக்கிரம் முடிந்துவிடும். வெயில் ஏறியதும் அதே பூச்சி இறக்கையை மூடி, வெயிலுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். அல்லது நிழலுக்குப் போய்விடும். அப்போது கிடைப்பது அடிப்பக்கம்.

இரண்டு பக்கமும் வேண்டும் என்பதே பொது விதி. கட்டாயம் ஒன்றுதான் என்றால் அடிப்பக்கம். பழைய நூல்களின் வண்ணத்தகடுகள் ஊசி குத்தி விரித்து வைத்த பூச்சிகளைக் காட்டுவதால் மேற்பக்கத்துக்கே முதலிடம் தந்தன. உயிருள்ள பூச்சி அப்படி உட்காருவதில்லை. வெள்ளையன்கள் குடும்பத்தைச் சேர்ந்த கிராஸ் எல்லோ என்னும் சிறு மஞ்சள் பூச்சிகள் அமரும்போது இறக்கையை விரிப்பது அரிது. தமிழ்நாட்டின் எல்லாத் தெருவிலும் பறக்கும் இவற்றைப் பிரிக்கும் குறி முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில், நடு அறைக்குள் இருக்கிறது. அங்கே இரண்டு புள்ளி இருந்தால் காமன் கிராஸ் எல்லோ, மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட், ஒன்று இருந்தால் ஒன் ஸ்பாட். பின்னிறக்கை முன்னிறக்கையை மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படத்தில் இந்த அறை மறைந்துவிடும். நகத்தளவே உள்ள புல்வெளி நீலன்களிலும் அப்படித்தான்: பேல் கிராஸ் புளூவுக்கு அந்த அறையில் புள்ளி உண்டு, லெஸ்ஸர் கிராஸ் புளூவுக்கு இல்லை. மேற்பக்கத்து நீலத்தை எவ்வளவு அழகாக எடுத்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

கோடையில் மிகுதியாக ஏமாற்றுவது வறட்சிக்கால வடிவம். காமன் ஈவினிங் பிரவுன் என்னும் பட்டாம்பூச்சி மழைக்காலத்தில் இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண்பொட்டுகளைத் தாங்கியிருக்கும். வறண்ட மாதங்களில் பிறக்கும் தலைமுறைக்கு அந்தக் கண்கள் சுருங்கிப் புள்ளியாகிவிடும் அல்லது மறைந்தே போகும். இறக்கை காய்ந்த இலையின் நிறத்தையும் நரம்பையும் பெற்றுவிடும். பசுமை நிறைந்த காலத்தில் பறவையின் கொத்தலை உடலிலிருந்து விலக்கி இறக்கை ஓரத்துக்கு இழுக்கக் கண்பொட்டு உதவுகிறது. சருகு குவிந்த காலத்தில் கண்ணில் படாமல் கிடப்பதே பாதுகாப்பு. பேன்சி வகைகளிலும் இதே மாற்றம் உண்டு. இந்த இனங்களின் ஒரு படத்தை வைத்து இன்னொரு படத்தை ஒப்பிடும்போது, இரண்டும் எந்த மாதத்தில் எடுத்தவை என்று முதலில் பார்க்க வேண்டும். இறக்கை நரம்பின் அமைப்பு பருவத்தால் பெரிதாக மாறுவதில்லை, மாறுவது ஓவியமும் இறக்கையின் வெளிவளைவும்.

போலிகள் இன்னொரு தொல்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்ணுக்கு மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸையும், மூன்றாவது கிரிம்சன் ரோஸையும் ஒத்திருக்கும். அந்த இரண்டு ரோஸ்களும் ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகளின் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த அழகியோ நஞ்சில்லாமல் அந்த வேடத்தை மட்டும் போட்டுக்கொள்கிறது. வேடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரோஸ்களின் உடல் சிவப்பு, அழகியின் உடல் கறுப்பு. ஆகவே இறக்கையில் மயங்காமல் வயிற்றையும் தலையையும் குவித்து எடுக்க வேண்டும். எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனுக்கும் அதன் போலியான டனய்ட் எக்ஃப்ளை பெண்ணுக்கும் வேறுபாடு பின்னிறக்கையில்: வரியனுக்கு அங்கே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள், போலிக்கு ஒன்றே. முன்னிறக்கை பின்னிறக்கையை மறைக்காத கணத்துக்குக் காத்திருந்தால் ஐயம் தீரும்.

பூக்கள் குறைந்த கோடையில் பட்டாம்பூச்சிகளைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று. ஓடைக்கரையின் ஈரமணலில் ஏப்ரல், மே மாதங்களில் அவை கூட்டமாக அமர்ந்து உப்பு உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்களே இப்படிக் கூடும். அங்கே ஒரு இனத்தின் பெண்ணைத் தேடிப் பயனில்லை. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றின் காய்ந்த செடிகள் இரண்டாவது இடம். வரியன்களின் ஆண்களும் கரிய நிறமுடைய ‘குரோ’ வகைகளின் ஆண்களும் இணைசேரும் மணத்துக்கான வேதிப்பொருளைத் திரட்ட அங்கே மொய்க்கும். உறிஞ்சுவதில் மூழ்கிய பூச்சி நெருங்கவிடும். மூன்றாவது, முட்டையிடும் செடிகள்: எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, சரக்கொன்றை, நெட்டிலிங்கம். பெண்கள் இங்கே கிடைக்கும். எந்தச் செடியில் முட்டையிட்டது என்ற குறிப்பு பல வேளைகளில் படத்தைவிட உறுதியான சான்று. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க மட்டும் மலைக்காடுகளுக்குத்தான் போக வேண்டும்.

எடுக்கும் முறையில் பெரிய இரகசியம் இல்லை. இறக்கை மூடிய பூச்சிக்குக் கேமராவின் முகம் இறக்கைத் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு நுனி தெளிந்து மறுநுனி கலங்கும். துளையளவு எஃப் 8 முதல் 11 வரை போதும். 90 அல்லது 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் நல்லது. சிறிய நீட்டிப்புக் குழாய் இணைத்த 300 மில்லிமீட்டர் லென்ஸ் கோடையில் அதைவிட நல்லது, ஏனென்றால் சூடேறிய பூச்சி அருகே வர விடாது. நெருங்கும்போது நிழல் அதன்மேல் விழக்கூடாது. பறக்கும் பறவைக்கு நொடியில் 2000இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். கோடை வெயிலில் அது எளிதாகக் கிடைக்கும். இரை கவ்விய பச்சைப் பஞ்சுருட்டான் அமர்ந்த கம்பிக்கே திரும்பி வரும் பழக்கமுடையது, துரத்தத் தேவையில்லை.

கூடுகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்மூக்கு ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் நாலு முட்டையிட்டு, வெயிலில் அவற்றுக்கு நிழலாக நிற்கும். நீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்யும். படமெடுப்பவர் அருகே நின்று தாயைத் தடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகிறது. காகமும் கீரியும் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக் கூட்டின் இடத்தைத் தெரிந்துகொள்ளும். மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுக் கூட்டைப் படமெடுப்பது திறமைக் குறைவு என்பதோடு கொடுமையும் ஆகும். ஒளிப்படப் போட்டிகள் பலவும் இத்தகைய படங்களை ஏற்பதில்லை. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் இனப்பெருக்கக் காலத்தில் தவிர்க்க வேண்டியது. எல்லை காக்கும் ஆண், இல்லாத எதிரியோடு சண்டையிட்டு இரை தேடும் நேரத்தை இழக்கும். சரணாலயங்களுக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. காட்டுத்தீ அச்சமுள்ள வாரங்களில் மலைப்பாதைகளை வனத்துறை மூடிவிடுவதும் உண்டு. புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியபின் செய்யும் வேலை பாதி. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும்; பருவ வடிவங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் தேதியில்லாத படத்தில் வீணாகிவிடும். இடம், உயரம், செடி, ஒலி, செய்துகொண்டிருந்த காரியம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பறவையாயின் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என மூன்று கோணமும், பட்டாம்பூச்சியாயின் இரு பக்க இறக்கையும் உடலும் ஒரே உயிரின் படங்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட பறவை நூலும், வின்டர் பிளைத் 1957இல் வெளியிட்ட பட்டாம்பூச்சி நூலும் பின்வந்த வழிகாட்டிகளுக்கு அடித்தளம். இன்று ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை ஏற்றினால் கணினியே ஒரு பெயரை முன்வைக்கும். அது வழக்கமான கோலத்தில் நன்றாகச் சொல்லும். குஞ்சு, பாதி மாறிய இறகு, வறட்சிக்கால வடிவம், போலி ஆகியவற்றில் தடுமாறும். கோடையில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதாம். கணினி சொன்ன பெயரை ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டு, பிரித்துக்காட்டும் உறுப்பு படத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, தேதியையும் இடத்தையும் எழுதி வைப்பது போதும். புல்வெளி நீலன்களில் கணிசமான படங்கள் அந்த நிலையிலேயே இருக்கின்றன.